அழுக்கைப் பிடிக்கும் அழுக்கு

வீட்டு நீச்சல் குளத்தின் தண்ணீர் ஒரு மூடிய சுற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேற்பரப்பு நீர் ஸ்கிம்மர் வழியாகவும் அடிநீர் தரையிலுள்ள வடிகால் வழியாகவும் பம்புக்கு வருகிறது. பம்பு அதை வடிகட்டித் தொட்டிக்குள் தள்ளுகிறது. தெளிந்து வரும் நீர், குளோரின் சேர்க்கப்பட்டு, சுவரிலுள்ள துளைகள் வழியே குளத்துக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றில் எளிதில் கண்ணில் படாத ஒரு சங்கதி உண்டு: வடிகட்டி அழுக்கைப் பிடித்து வைக்கிறது, வெளியேற்றுவதில்லை. குளித்தவர் உடம்பிலிருந்து வந்த எண்ணெயும், காற்றில் வந்த புழுதியும், செத்த பாசியும் தொட்டிக்குள் சேர்ந்து, யாராவது கழுவி வெளியே விடும்வரை ஓடும் தண்ணீரின் நடுவிலேயே கிடக்கின்றன. குளத்தில் போடும் குளோரின் ஒவ்வொரு சுற்றிலும் இந்தக் குவியலைக் கடந்துதான் போக வேண்டும். போகும்போதெல்லாம் ஒரு பங்கை அங்கே இழக்கிறது. தண்ணீர் தெளிவாக இருந்தும் குளோரின் அளவு மட்டும் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

குளத்தின் தண்ணீர் முழுவதும் வடிகட்டியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.5 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 48,000 லிட்டர் பிடிக்கும். மணிக்கு 12,000 லிட்டர் இறைக்கும் பம்பு இருந்தால் கணக்குப்படி 4 மணி நேரம். ஆனால் 4 மணி நேரத்தில் எல்லாத் தண்ணீரும் வடிகட்டப்பட்டிருக்காது. சுத்தமாகித் திரும்பும் நீர் அழுக்கு நீரோடு கலந்துவிடுவதால், பம்பு அடுத்து இழுப்பதில் ஏற்கெனவே சுத்தமான நீரும் ஒரு பங்கு இருக்கும். அமெரிக்கர்களான கேஜ், பிட்வெல் இருவரும் 1926இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு முழுச் சுற்று முடியும்போது வடிகட்டியைத் தொட்டிருப்பது 63 சதவீத நீர்தான். இரண்டாம் சுற்றில் 86, மூன்றில் 95, நான்கில் 98 சதவீதம். நூறு சதவீதம் என்பது கணக்கில் வரவே வராது. தண்ணீர் நன்றாகக் கலக்கும் குளத்துக்கே இந்தக் கணக்கு பொருந்தும். நீரோட்டம் எட்டாத மூலைகளும் படிக்கட்டின் அடிப்பகுதியும் இதிலும் பின்தங்கும். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் பம்பை ஓட்டிவிட்டு, தண்ணீர் ஏன் கலங்குகிறது என்று வடிகட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்திய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது மணல் வடிகட்டி. மணலில் நீரை வடிப்பது பழைய வித்தை. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஜான் கிப் 1804இல் தன் சலவை ஆலைக்காக ஒரு மணல் வடிகட்டி அமைத்து, மிஞ்சிய நீரை ஊராருக்கு விற்றார். லண்டனில் ஜேம்ஸ் சிம்ப்சன் 1829இல் செல்சீ குடிநீர் நிறுவனத்துக்காகக் கட்டிய மணல் படுகை அதற்குப் பிறகு வந்தவற்றுக்கெல்லாம் மாதிரியானது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914இல் இயங்கத் தொடங்கிய நீரேற்று நிலையமும் இதே மெதுவடிப்பு மணல் படுகைகளைக் கொண்டதுதான். அந்தப் படுகைகளில் தண்ணீர் மணிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும். மேல்பரப்பில் படியும் நுண்ணுயிர்ப் படலமே பாதி வேலையைச் செய்துவிடும். நீச்சல் குளத் தொட்டியில் அதே மணல் வழியே மணிக்கு 30 முதல் 50 மீட்டர் வேகத்தில், அதாவது சில நூறு மடங்கு வேகத்தில், தண்ணீர் தள்ளப்படுகிறது. இந்த வேகத்தில் அழுக்கு மேலே தங்காது; மணலுக்குள் ஆழமாக இறங்கும். மெதுவடிப்புப் படுகையை மேலாக ஓரிரு சென்டிமீட்டர் சுரண்டி எடுத்தால் போதும். குளத்து மணலுக்கு அது உதவாது. முழுப் படுகையையும் கிளறித்தான் கழுவ வேண்டும்.

வடிகட்டி மணலின் ஒரு மணி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். அப்படிப்பட்ட மணிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி 70, 80 மைக்ரான் இருக்கும். மனிதத் தலைமுடியின் தடிமனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனாலும் மணல் வடிகட்டி 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள துகள்களைப் பிடித்துவிடுகிறது. சல்லடைக் கணக்கு இங்கே செல்லாது. வளைந்து வளைந்து ஓடும் நீரில் சற்றுக் கனமான துகள் மணியின் மேல் படிகிறது. ஓட்டத்தோடு மணியை உரசிப் போகும் துகள், வாண்டர் வால்ஸ் விசை என்கிற மிக நெருக்கத்தில் மட்டும் வேலை செய்யும் ஈர்ப்பால் ஒட்டிக்கொள்கிறது. அரை மீட்டர் ஆழத்துக்குள் ஒரு துகளுக்கு ஒட்டிக்கொள்ள ஆயிரக்கணக்கான வாய்ப்புகள். மிக நுண்ணியவை நீர் மூலக்கூறுகளின் மோதலில் அலைக்கழிந்து மணியில் மோதும். பெரியவை தம் எடையால் படியும். இரண்டுக்கும் நடுவே, ஒரு மைக்ரானை ஒட்டிய அளவுள்ள துகள்கள்தான் எதிலும் சிக்காமல் நழுவிப் போகின்றன.

ஒட்டிக்கொண்ட துகள் அடுத்த துகளுக்குப் பிடிமானமாகிறது. இடைவெளிகள் சுருங்கச் சுருங்க வடிகட்டி இன்னும் நுண்ணிய அழுக்கைப் பிடிக்கத் தொடங்கும். புதிதாகக் கழுவிய மணலைவிடச் சில நாள் ஓடிய மணல் தெளிவான நீரைத் தருவது இதனால்தான். பராமரிப்பாளர்களில் பலர் கிழமை வைத்து, வாரம் தவறாமல் கழுவுகிறார்கள். ஒழுங்கான பழக்கமாகத் தோன்றினாலும், மணல் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் அதை மறுபடி முதல் நிலைக்குக் கொண்டுபோவதே இதில் நடக்கிறது. நாள்காட்டிக்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது தொட்டியின் தலையிலுள்ள அழுத்தமானியை.

கழுவி முடித்து ஓட்டியதும் முள் எங்கே நிற்கிறது என்பதைத் தொட்டியிலேயே பெயிண்டால் குறித்து வைக்க வேண்டும். அது 12 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொண்டால், 20 முதல் 22 வரை ஏறும்போது, அதாவது சுத்தமான நிலையைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடும்போது, கழுவ வேண்டிய நேரம். அதற்கு மேலும் விட்டுவைத்தால் பம்பு இறைக்கும் அளவு குறைந்துவிடும். கூடிய அழுத்தத்தில் ஏற்கெனவே ஒட்டியிருந்த அழுக்கு பெயர்ந்து கீழிறங்கும். சில இடங்களில் தண்ணீர் மணலைக் குடைந்து குறுக்கு வழி போட்டுக்கொள்ளும். முள் வழக்கத்தைவிடக் கீழே நின்றால் கோளாறு தொட்டியில் இல்லை, பம்புக்கு முன்னால் இருக்கிறது. ஸ்கிம்மர் கூடையில் இலை அடைத்திருக்கும், அல்லது பம்பின் முன்கூடையில் முடி சுற்றியிருக்கும், அல்லது குளத்தின் நீர்மட்டம் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே போயிருக்கும். பம்பு நின்ற பிறகும் முள் பூஜ்யத்துக்கு வராவிட்டால் மானியே பழுது. அதன் விலை சொற்பம். பழுதான மானியை நம்பிப் பல மாதம் கழுவாமல் விட்ட குளங்கள் நிறைய.

மணலைக் கழுவும் முறைக்குத் தொழிலில் பேக்வாஷ் என்று பெயர். பம்பை நிறுத்திவிட்டு, மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியை அழுத்திப் பேக்வாஷ் நிலைக்குத் திருப்பி, மறுபடி பம்பை ஓட்ட வேண்டும். பம்பு ஓடும்போதே கைப்பிடியைத் திருப்பினால் வால்வுக்குள் சக்கரத்தின் ஆரக்கால்கள் அமைப்பில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் கிழியும். கிழிந்தது வெளியே தெரியாது; வடிகட்டும் நிலையிலேயே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவுக் குழாயில் போய்க்கொண்டிருக்கும். குளம் ஒழுகுகிறது என்று டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்த பிறகு, கழிவுக் குழாயின் வாய் ஈரமாக இருப்பதை யாராவது கவனிப்பார்கள்.

பேக்வாஷில் தண்ணீர் கீழிருந்து மேலே பாய்கிறது. போதிய வேகம் இருந்தால் மணிகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, உலையில் கொதிக்கும் அரிசியாக மேலெழுந்து புரளும். அந்தப் புரளலில் மணியோடு மணி உரசித்தான் ஒட்டிய அழுக்கு கழல்கிறது. அழுக்கு இலேசானது, மேலே போய்க் கழிவுக் குழாயில் வெளியேறும். மணல் கனமானது, தொட்டியின் மேல்பகுதியில் விட்டிருக்கும் வெற்றிடத்துக்குள் உயர்ந்து அங்கேயே நிற்கும். தாராளமாக இருக்கட்டும் என்று மணலைக் கூடுதலாக நிரப்பிய தொட்டியில் இந்த இடம் இல்லாமல் போய், ஒவ்வொரு கழுவலிலும் மணல் வெளியேறும். வால்வின் பக்கத்திலுள்ள சிறு கண்ணாடிக் குமிழில் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதல் சில நொடிகள் குழாயில் நின்ற தெளிந்த நீர் வரும். பிறகு சட்டென்று பழுப்பாகிக் கண்ணாடியின் மறுபக்கம் தெரியாமல் போகும். கொஞ்சம் வெளுத்து, மறுபடியும் ஒருமுறை கலங்கி, அதன் பிறகே தெளியும். முதல் வெளுப்பிலேயே நிறுத்திவிடுவது அவசரக்காரர்களின் வழக்கம்.

வழக்கமாகச் சொல்லப்படும் நேரம் 2 முதல் 3 நிமிடம். கைக்கடிகாரத்தைவிடக் கண்ணாடியை நம்புவது நல்லது. தமிழ்நாட்டில் அதற்குத் தனிக் காரணமும் உண்டு. 10 டிகிரி நீரைவிட 30 டிகிரி நீருக்குப் பாகுத்தன்மை ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. ஒரே வேகத்தில் ஓடினாலும் சூடான நீர் மணலைக் குறைவாகத்தான் தூக்கும். குளிர்நாட்டில் அச்சான கையேட்டின் நிமிடக் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கழுவிய பின் ரின்ஸ் நிலையில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை ஓட்ட வேண்டும். புரண்ட மணல் அடங்கிப் படியும்போது எஞ்சிய கலங்கல் நீர், ரின்ஸ் செய்யாவிட்டால், நேரே குளத்துக்குள் புகையாக வந்து விழும்.

பேக்வாஷ் எல்லா அழுக்கையும் எடுத்துவிடாது. எண்ணெய் அதில் முக்கியமானது. தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெயும், சன்ஸ்கிரீனும், வியர்வைக் கொழுப்பும் மணிகளின் மேல் பசையாகப் படிந்து, புழுதியைச் சேர்த்து உருட்டி, கோலிக்குண்டு அளவில் களிமண் உருண்டைகளை உண்டாக்கும். உருண்டை கனமானது, பேக்வாஷில் மேலே வராமல் படுகையின் அடிக்குப் போய்விடும். தண்ணீர் அதைச் சுற்றி வழி தேடும். இதற்கென விற்கும் மணல் சுத்திகரிப்புக் கரைசலை இரவு முழுக்கத் தொட்டிக்குள் ஊறவிட்டு, காலையில் நீண்ட பேக்வாஷ் கொடுப்பது வழக்கம். குளத்தில் இறங்குமுன் ஒவ்வொருவரும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் இந்தக் கரைசலுக்கு வேலையே குறைவு.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பண்ணை வீட்டுக் குளங்களில் இன்னொரு தொல்லை: சுண்ணாம்பு. குளத்தை நிரப்புவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்; அதில் கால்சியம் கூடுதல், சில இடங்களில் இரும்பும். அதில் குளோரின் பட்டதும் கரைந்திருந்த இரும்பு பழுப்புத் தூளாகப் பிரியும். அதை வடிகட்டி பிடித்துவிடும், பெரிய தீங்கில்லை. சிக்கல், மலிவு என்று பிளீச்சிங் பவுடரைக் கொட்டும்போதுதான் வருகிறது. பிளீச்சிங் பவுடரில் கரையாத சுண்ணாம்பு நிறைய உண்டு. வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றினால் ஓரளவு தப்பிக்கலாம். அப்படியே தூவினால் சுண்ணாம்பு மணலுக்குள் போய் இறுகும். பி.எச். 7.8ஐத் தாண்டிய குளத்தில் கால்சியம் கார்பனேட் படிவதும் சேர்ந்துகொள்ள, சில வருடத்தில் மணல் கட்டியாகிவிடும். அப்படிப்பட்ட தொட்டியைத் திறந்தால் மேல் மணல் உதிரியாக இருக்கும். விரலை உள்ளே விட்டால் ஒரு சாண் ஆழத்தில் தரை தட்டும். பேக்வாஷ் நீர் இந்தத் தட்டின் வெடிப்புகள் வழியே மட்டும் ஏறி வந்திருக்கும். கண்ணாடியில் தெளிந்த நீர் தெரிந்திருக்கும், மணல் கழுவப்பட்டிருக்காது.

எனவே வருடத்துக்கு ஒருமுறை தொட்டியைத் திறந்து கையை விட்டுப் பார்ப்பது அவசியம். மணல் சமமாகப் பரவியிருக்க வேண்டும், பிடித்தால் உதிர வேண்டும். பள்ளமோ துளையோ தெரிந்தால் நீர் குறுக்கு வழி போட்டுவிட்டது என்று பொருள். பொதுவாக 5 முதல் 7 வருடத்துக்கு ஒருமுறை மணலை மாற்றுகிறார்கள். மாற்றும்போது தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பிய பிறகே புது மணலைக் கொட்ட வேண்டும். அடியில் விரிந்திருக்கும் கீறல் குழாய்கள் பிளாஸ்டிக். வெறும் தொட்டியில் 50 கிலோ மூட்டையைக் கவிழ்த்தால் முறியும். குளத்தில் நீர் திரும்பும் துளைக்கு நேர்கீழே தரையில் மணல் திட்டு சேர்ந்தால் அந்தக் குழாய்களில் ஒன்று போய்விட்டது.

மணலால் பிடிக்க முடியாத நுண்துகளை எட்டிப் பிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருப்பதால் படிவதில்லை. படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்ய, துகள்கள் கூடித் திரளும். கலங்கல் நீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துத் தெளியவைத்த கிராமத்து வழக்கமும் இதே திரட்டல்தான். இன்று குளங்களுக்குப் பாலி அலுமினியம் குளோரைடை மிகச் சிறிய அளவில், வடிகட்டிக்கு முன்னால் சொட்டுச்சொட்டாக விடுகிறார்கள். அதிகம் விட்டால் திரள் மணலின் மேல்பரப்பிலேயே பாய் விரித்தாற்போல் அடைத்துக்கொள்ளும்.

நுண்துகளைப் பிடிப்பது அழகுக்காக மட்டும் இல்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு 4 முதல் 6 மைக்ரான் அளவுள்ளது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் உள்ள நீரில் அது பத்து நாளுக்கும் மேல் உயிரோடு இருக்கும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் நிலையத்தின் வடிகட்டல் சரியாக நடக்காமல் இந்த ஒட்டுண்ணி குழாய்களுக்குள் போனது. சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அந்தத் தண்ணீரில் குளோரின் இருந்தது. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

இந்த அளவுத் துகளையும் பிடிப்பது டயட்டம் மண் வடிகட்டி. டயட்டம் என்பது கண்ணாடிப் பொருளான சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்பாசி. அந்த ஓடுகள் கடலடியிலும் ஏரியடியிலும் படிந்து மண்ணாகின்றன. ஆல்பிரட் நோபல் 1867இல் நைட்ரோகிளிசரினை உறிஞ்சவைத்து டைனமைட் செய்தது இந்த மண்ணில்தான். துளைகள் நிறைந்த ஓடு என்பதால் 3 முதல் 5 மைக்ரான்வரை வடிகட்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் அமீபாச் சீதபேதியைத் தடுக்க இதைப் பயன்படுத்தியது. துணி போர்த்திய சட்டங்களின் மேல் இந்த மாவு மெல்லிய பூச்சாகப் படிந்து வேலை செய்கிறது. பேக்வாஷ் செய்தால் பூச்சும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு முறையும், சதுர மீட்டர் பரப்புக்கு ஏறக்குறைய அரைக் கிலோ வீதம், புதிதாகச் சேர்க்க வேண்டும். பூச்சில்லாமல் ஓட்டினால் துணியே அடைத்துவிடும். சூளையில் வறுத்த இந்த மாவில் படிக சிலிக்கா இருப்பதால், மூக்கை மூடாமல் கையாள்வது நுரையீரலுக்குக் கேடு.

மூன்றாவது வகை, மடிப்பு மடிப்பான பாலியஸ்டர் துணிக் கார்ட்ரிட்ஜ். 10 முதல் 20 மைக்ரான்வரை பிடிக்கும். பேக்வாஷ் கிடையாது என்பதால் தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊருக்கு ஏற்றது. வெளியே எடுத்து, தோட்டக் குழாயால் மேலிருந்து கீழாக மடிப்புக்கு மடிப்பு அடித்துக் கழுவ வேண்டும். கார் கழுவும் உயரழுத்தக் கருவி நாரைக் குலைத்துவிடும். சுண்ணாம்பு படிந்ததென்று எடுத்த எடுப்பில் அமிலத்தில் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அமிலம் பட்டால் எண்ணெய்ப் பசை நாரோடு இறுகி, பிறகு எதற்கும் வராது. முதலில் டிரைசோடியம் பாஸ்பேட் போன்ற காரக் கரைசலில் இரவு முழுதும் ஊறவைத்து எண்ணெயை எடுத்து, நன்றாக அலசிய பின்பே, 20 பங்கு நீரில் 1 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். பக்கத்தில் குளோரின் மருந்து எதுவும் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வருவது நச்சு வாயு.

கார்ட்ரிட்ஜ், டயட்டம் தொட்டிகளைத் திறந்து மூடும்போது கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு. 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியை 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏறக்குறைய 2 டன் எடைக்கு ஈடாக மேலே தள்ளுகிறது. உள்ளே தண்ணீர் மட்டும் இருந்தால் மூடி சற்று நெகிழ்ந்ததும் அழுத்தம் இறங்கிவிடும். காற்று சிக்கியிருந்தால் அது சுருள்வில்லாக விரிந்து மூடியைத் தூக்கி எறியும். பட்டைக் கவ்வியைச் சரியாக முறுக்கி, மேலுள்ள காற்றுத் திருகைத் திறந்து வைத்து, அதில் தண்ணீர் பீய்ச்சும்வரை தள்ளி நிற்பது நல்லது.

பாசி பிடித்த குளத்தின் அடியை உறிஞ்சும்போது வால்வை வேஸ்ட் நிலையில் வைத்தால் கசடு வடிகட்டிக்குள் போகாமல் நேரே வெளியேறும். ஊருக்குப் போய்ப் பல நாள் பம்பு நின்றிருந்தால், தொட்டிக்குள் குளோரின் தீர்ந்து, பிடிபட்ட அழுக்கில் பாக்டீரியா படலம் வளர்ந்திருக்கும். திரும்பி வந்ததும் முதலில் பேக்வாஷ், பிறகே வடிகட்டல். வரிசையை மாற்றினால் அழுகிய நீர் முழுவதும் குளத்துக்கு வரும்.

கழுவிய நீர் ஒரு முறைக்கு 600 லிட்டர் வரை போகும். குளோரின் கலந்த அந்த நீரைக் கிணற்றுப் பக்கமோ மீன் குட்டைப் பக்கமோ விடக் கூடாது; ஒரு தொட்டியில் தேக்கி இரண்டு நாள் வெயிலில் விட்டால் குளோரின் பெருமளவு போய்விடும், சாதாரணக் குளத்து நீர் என்றால் மரங்களுக்குப் பாய்ச்சலாம். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி வைத்த குளத்துக்கு இது ஆகாது, லிட்டருக்கு 3 கிராமை ஒட்டிய உப்பு செடியைக் கருக்கும். 600 லிட்டர் வீண் என்று தோன்றலாம். ஆனால் கரைந்திருக்கும் எதையும் எந்த வடிகட்டியும் பிடிப்பதில்லை. கால்சியமும், உப்பும், குளோரின் மாத்திரைகளோடு வரும் சயனூரிக் அமிலமும் நீர் ஆவியாக ஆவியாகச் செறிந்துகொண்டே போகும். சயனூரிக் அமிலம் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால் குளோரின் மந்தமாகிவிடும். இவை வெளியேறப் பேக்வாஷ் ஒரு வழி. 48,000 லிட்டர் குளத்தில் ஒரு கழுவலுக்கு ஒன்றேகால் சதவீதம் அப்படிப் போகிறது. அதற்கு மேல் சேர்ந்துவிட்டால் குளத்தின் ஒரு பங்குத் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத்தண்ணீர் நிரப்ப வேண்டியதுதான்.